பாலக்காட்டுச் சீட்டு

பாலக்காட்டில் இருக்கும் என் மகளுக்கு,

நீயும் குழந்தையும் சுகமா? உன் சிநேகிதி ஷர்மிளாதான் உன் விலாசம் கொடுத்தாள். அப்பா சாவுக்கு வந்த உன்னை நம் சொந்தக்காரர்கள் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்களாம். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பாவின் சாப்பாட்டுப் பையில் ஒரு கேரளா லாட்டரிச் சீட்டு இருந்தது. உன் சித்தப்பா போனில் நம்பரைப் பார்த்துவிட்டு, "அண்ணி, அஞ்சு லட்சம் அடிச்சிருக்கு!" என்று கத்தினார். தான் வேலை பார்த்த தோல் கம்பெனியில் யாராவது சீட்டு வாங்கினால், "லட்சம் பேர்ல ஒருத்தனுக்கு விழும், அது இன்னா நீயா?" என்று கேலி பண்ணுகிற மனுஷன், எப்படி வாங்கினார்?

வரி பிடித்துக்கொண்டு மீதியை பேங்கில் போடுவார்களாம். வெளி மாநிலத்துக்காரர் என்றால் கேரளாவுக்கு எதற்குப் போனார் என்று எழுதித் தர வேண்டுமாம். "சபரிமலைன்னு எழுதிடலாம் அண்ணி" என்கிறார் சித்தப்பா. ஒரு தடவைகூட மாலை போடாதவருக்கு இன்னா சபரிமலை?

சீட்டின் பின்னால் பாலக்காட்டுக் கடை முத்திரை இருக்கிறது. போன மாசம் லோடு லாரியில் சென்னைக்குப் போகிறேன் என்றுதான் என்னிடம் சொன்னார். நீ அந்தப் பையனோடு போன அன்று, இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் கத்தியவர். என்னிடம் சொல்ல வெட்கப்பட்டிருப்பார்.

வந்தாரா? குழந்தையைத் தூக்கினாரா? உன் கையால் ஒரு வாய் சாப்பிட்டாரா?

வரவில்லை என்றாலும், வந்தார் என்றே எழுதிவிடு. லாட்டரி ஆபீசுக்கு இல்லை, எனக்கு.

தபால்காரரைப் பார்த்தபடி இருக்கும்,
உன் அம்மா