ஐவிக்கு ஊற்றிய நன்மைத் தண்ணீர்

என் அன்பு மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் மௌத்தாகி, இந்த உலகத்தை விட்டுப் போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. கணவனை இழந்தவளாக நான் வெளியே இறங்காமல் இருக்கும் இத்தா முடிய இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அதுவரை நானும் வீட்டோடுதான், உங்கள் ஐவிச் செடியும் வீட்டோடுதான். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் எழுதாத கடிதத்தை இப்போது எழுதுகிறேன்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஆறு சாடி ஐவியில் ஐந்து பட்டுப்போய்விட்டது. கோபிக்காமல் கேளுங்கள்.

மலைநாட்டு வெலிமடைக்கு மரக்கறி ஏற்றப் போன நீங்கள், லீக்ஸ் கூடைகளுக்கு நடுவே அந்த ஐவிக் கொடியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிய அன்று நான் என்ன பேச்சுப் பேசினேன்! "கல்முனை வெக்கையில மனுசரே வாடிப்போறாங்க. இந்தக் குளிர்நாட்டுக் கொடிய எங்க வைக்கப்போறீங்க?" என்று கேட்டேன். "வீட்டுக்குள்ளதான்" என்றீர்கள்.

சொன்னபடியே செய்தும் காட்டினீர்கள். அந்த ஒரு கொடியின் நுனிகளை நறுக்கி வேர் பிடிக்கவைத்து ஆறு சாடியாக்கினீர்கள். வெயில் நேரே விழாத வடக்கு யன்னலோரம் இடம் பார்த்தீர்கள். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு, அதன் மேல் சாடியின் அடி நனையாமல் வைத்தீர்கள். எங்கள் கிணற்றில் உப்பு என்று மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தீர்கள். இலையோரத்தில் கரையில்லாமல் முழுப் பச்சையாக ஒரு கிளை வந்தால், எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் நறுக்கிவிடுவீர்கள். பச்சை இலையைச் சுற்றிப் பாலாடை நிறத்தில் ஓடும் அந்தக் கரை கடைசிவரை மங்கவே இல்லை. இதையெல்லாம் எங்கே படித்தீர்கள், மச்சான்?

லொறி ஓட்டிக் காய்த்துப்போன கைகள், ஒவ்வொரு இலையாகத் திருப்பி அடிப்புறத்தை ஈரச் சீலையால் துடைக்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். ஒருநாளாவது சொன்னேனா? "இந்தப் பாசத்த எனக்குக் காட்டினா என்ன?" என்று நக்கல்தான் அடித்தேன். அது இப்போது நெஞ்சில் குத்துகிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மௌத்து வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் உங்கள் செடிகளைப் பார்த்தார்கள். பச்சை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் ஸதகா, ஒரு தருமம்தான், அதன் நன்மை உங்களுக்குச் சேரட்டும் என்று யாரோ ஒருத்தி முதலில் ஊற்றினாள். பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஊற்றினார்கள். நானும் அழுதுகொண்டே ஊற்றினேன். ஊருக்கே உங்கள் மேல் அவ்வளவு அன்பு!

சில கிழமைகளில் இலைகள் கறுத்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். சாடி நாறத் தொடங்கிய பிறகுதான் கொட்டிப் பார்த்தேன். வேர் எல்லாம் கஞ்சியாகிக் கிடந்தது. ஆறாவது சாடியில் மட்டும் நாலு இலையோடு ஒரு நுனி உயிரோடு இருந்தது. அதை நறுக்கிக் கண்ணாடிப் போத்தலில் மழைத் தண்ணீர் விட்டு வைத்தேன். வெள்ளையாக வேர் விட்டதும் தேங்காய்த் தும்புத்தூளும் மணலும் கலந்து சாடிக்கு மாற்றினேன். நீங்கள் செய்ததைக் கண் பார்த்திருக்கிறது, கை தானாகச் செய்தது.

அதன் பிறகு ஊற்ற வந்த எல்லோரையும் தடுத்துவிட்டேன். அண்ணனான உங்களைக் காக்கா, காக்கா என்று சுற்றிவந்த உங்கள் தங்கை ஜெஸீமாவைத்தான் தடுக்க முடியவில்லை. வரும்போதெல்லாம் நேரே குசினிக்குப் போய்ப் பேணியில் தண்ணீர் கொண்டுவருவாள். ஒருநாள் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஊத்தாத புள்ள. இதுவும் செத்துப்போகும்."

"காக்காட பேருல ஊத்துற தண்ணி, மதினி. அதயும் வேணாமெண்டு சொல்றீங்களா?" என்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் ஓடி வாறதுக்குள்ள அவருக்கு எல்லாம் முடிஞ்சிட்டு. கடைசியா வாயில ஒரு சொட்டுத் தண்ணி விடக் கிடைக்கல்லயே எனக்கு!"

தங்கையின் தாகத்தை எப்படித் தடுப்பது? செடியை எப்படிச் சாகவிடுவது? கொஞ்ச நேரம் அவளோடு சேர்ந்து அழுதேன். பிறகு அவளுடைய விரலைப் பிடித்துச் சாடி மண்ணுக்குள் வைத்தேன். "காக்கா இப்படித்தான் பாப்பாரு. ஈரமிருந்தா ஊத்தமாட்டாரு. காஞ்சிருந்தா நீயே ஊத்து, நான் தொடமாட்டன்" என்றேன். அவள் பேணித் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். இனி வரமாட்டாள் என்று பயந்துவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம் வந்தாள். வழக்கம்போலப் பேணி நிறையத் தண்ணீர். யன்னலோரம் போய் நின்று மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "ஈரமாத்தான் இரிக்கி, மதினி" என்றாள். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்தத் தண்ணீரை முழுக்கத் தானே குடித்தாள்.

அந்தச் சாடியில் இப்போது ஐந்தாவது இலை விரிகிறது, கரையோடு.

ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். உங்கள் செடிக்குத் தண்ணீரை அளந்துதான் ஊற்றுவேன். உங்களுக்காக அல்லாஹ்விடம் கேட்கும் துஆவை மட்டும் அளக்கமாட்டேன்.

உங்கள் கெட்டித்தனத்தை வாய்விட்டுச் சொல்லாமல் விட்ட மனைவி,
பரீனா