ஆப்பிள்கள் தூங்கும் அறை

பிப்ரவரி 3, திங்கள்

மாநாட்டுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. வணிகம் படிக்கிறவர்களுக்கான வேலை மாநாடு. நிறுவனங்கள் மேசை போட்டு உட்காருமாம். நாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போய்ச் சிரிக்க வேண்டுமாம். யாராவது கோடைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டால்தான் அடுத்த வருடப் படிப்பு.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வரப்போகும் நிறுவனங்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்குவோம். ஆளுக்கு ஒன்று எடுத்து, அதன் ஜாதகத்தையே தோண்டி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வங்கி வந்தவன் குதித்தான். எனக்கு வந்தது பழம் வைக்கிற குளிர்கிடங்கு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 5, புதன்

படிக்க உட்கார்ந்தவள் சாப்பிடவே மறந்துவிட்டேன். பறித்த பிறகும் ஆப்பிள் மூச்சு விடுகிறதாம்! அறையைக் குளிர்வித்து, காற்றில் ஆக்சிஜனையும் குறைத்துவிட்டால் மூச்சு மெதுவாகி, கிட்டத்தட்ட தூங்கியே போய்விடுமாம். அப்படி ஓர் அறையின் கதவை மூடிவிட்டால் மாதக்கணக்கில் யாரும் உள்ளே போக முடியாது. மேலே சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும், எட்டிப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

கண்ணை மூடினால் அந்த அறைதான் வருகிறது. இருட்டு. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து தூங்கும் ஆப்பிள்கள். வெளியே மழையோ வெயிலோ, அவற்றுக்கு என்ன கவலை? நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன் —

“என்னடி, சுவத்தப் பாத்து இளிக்கிற?” என்றாள் வக்கீல்.

வக்கீல் என் அறைத்தோழி. சட்டம் படிப்பவள் இல்லை, என் வகுப்புதான். உப்புப் பெறாத விஷயத்துக்கும் வழக்காடுவாள், அதனால் அந்தப் பெயர். எனக்கு வேறு எங்கேயும் வேண்டாம், இங்கேதான் போக வேண்டும் என்றேன்.

“ஒரே ஒரு இடம்தான் இருக்கு, தெரியும்ல?”

“தெரியும்.”

“சரி. உன்ன அங்க உக்கார வெச்சிட்டுதான் எனக்கு மறுவேலை.”

பிப்ரவரி 8, சனி

ஒத்திகை. வக்கீல்தான் குளிர்கிடங்கு அதிகாரி. துண்டைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கேள்வி கேட்க வேண்டாமா? அதற்காக நான் படித்ததை எல்லாம் அவளும் வரிவரியாகப் படித்திருக்கிறாள். நான் பாதி பதிலிலேயே எங்கேயோ மிதக்கப் போய்விடுகிறேன். “ஆப்பிளோட சேந்து நீயும் தூங்கிட்டியா?” என்று உலுக்குகிறாள்.

கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “உங்க பலவீனம் என்ன?” நான் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. “உன்கூட ஒரே ரூம்ல குப்ப கொட்டறதுதான்டி!” என்பேன். தலையணை பறந்து வரும். அதோடு ஒத்திகை முடிந்தது என்று அர்த்தம்.

பிப்ரவரி 10, திங்கள்

அம்மா போனில்: “பழத்த ஃப்ரிட்ஜுல வெக்கிறதுக்கு ஒரு படிப்பாடி?”

கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். “அங்க குளிருமே, ஸ்வெட்டர் இருக்கா?”

பிப்ரவரி 13, வியாழன்

அக்காவின் கோட்டு வந்துவிட்டது. கை நீளம். மடித்துத் தைக்கும்போதே கிடங்குக்குப் பாதி தூரம் போய்விட்டேன். ஊசி குத்தித்தான் திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 15, சனி

ஐயோ.

ஐயோ, ஐயோ. என்ன செஞ்சுட்டேன் நான்.

முதலிலிருந்து எழுதுகிறேன். பெரிய மண்டபம், மேலே வெள்ளை விளக்குகள். எங்கே பார்த்தாலும் கோட்டுகள், கைகுலுக்கல்கள், ஒரே மாதிரிச் சிரிப்புகள். வங்கி மேசைக்கு முன்னால் வாசல்வரை வரிசை. வக்கீல் அந்த வரிசையில் நின்றுகொண்டு எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள். கிடங்கு மேசையில் ஈ காக்கை இல்லை. ஓர் அம்மையார் மட்டும், அந்தப் புழுக்கத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஓர் ஆப்பிளைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே கனவுக்குள் நுழைந்தது போல ஆகிவிட்டது.

நன்றாகத்தான் பேசினேன். ஆப்பிளின் மூச்சு, ஆக்சிஜன், கண்ணாடி ஜன்னல், எல்லாம். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. நான் பேசிக்கொண்டே அந்த அறைக்குள் போய்விட்டேன். குளிர்ந்த இருட்டு... அமைதி... எங்கிருந்தோ ஒரு குரல்: “உங்க பலவீனம் என்ன?”

“உன்கூட ஒரே ரூம்ல குப்ப கொட்டறதுதான்டி!”

சத்தமாக. சிரித்துக்கொண்டே. அதுவும் ‘டி’ போட்டு.

தலையணை வரவில்லை. உருண்டுகொண்டிருந்த ஆப்பிள் நின்றுவிட்டது. “என்ன சொன்னீங்க?” என்றார் அந்த அம்மையார். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். விளக்கியிருக்கலாம். நானோ திரும்பி ஓடிவந்துவிட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து அழுததில் அக்காவின் கோட்டுக் கை நனைந்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுந்திருக்கவில்லை. வக்கீல் ரொட்டி வாங்கிவந்து தலைமாட்டில் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று சொன்னாள்.

நான் ஓடியதைப் பார்த்ததும் வங்கி வரிசையை விட்டுவிட்டு நேராகக் கிடங்கு மேசைக்குப் போயிருக்கிறாள். “மேடம், அவ உங்கள சொல்லல, என்னத்தான் சொன்னா. ஒத்திகையில அவளுக்கு நான்தான் நீங்க,” என்று ஆரம்பித்திருக்கிறாள். ஒத்திகையை எல்லாம் கட்டிலும் துண்டுமாக நடித்தே காட்டியிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். பேச்சு கிடங்குக்குத் தாவியிருக்கிறது. இவள் விடுவாளா? வாதாடியிருக்கிறாள். எந்த அறையை எப்போது திறப்பது என்பதில் அவரோடு சண்டையே போட்டிருக்கிறாள்.

இன்று மெயில் வந்திருக்கிறது. அந்த ஒரே இடம் அவளுக்கு.

“உனக்குதான் கேட்டேன், சத்தியமா. கேட்டதுக்கு, உங்க ஃபிரண்டு நல்லா கனவு காணறாங்க, எனக்குச் சண்ட போடற ஆளு வேணும்னு சொல்லிட்டாங்க. நான் போகலடி. வேணாம்னு எழுதிடறேன்.”

எனக்கு வயிறு எரிகிறது. எழுதியே விடுகிறேன், எரிகிறது. அவள் துரோகம் செய்யவில்லை. எனக்காக வங்கியையே விட்டவள். அவளுக்கும் கையில் வேறு எதுவும் இல்லை. எல்லாம் தெரிகிறது. தெரிஞ்சு என்ன பண்ண? என் ஜன்னல், என் ஆப்பிள். அந்தக் கண்ணாடியில வேற ஒருத்தி மூக்கு.

பிப்ரவரி 19, புதன்

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வக்கீல் அந்த மெயிலைத் திறந்து திறந்து மூடினாள்.

பிப்ரவரி 20, வியாழன்

“எழுதிட்டியா?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்ல.”

“எழுதாத. போ. ஆனா அங்க நடக்கறத பத்தி ஒரு வார்த்த என்கிட்ட பேசாத. என்னால கேக்க முடியாது.”

அவள் தலையாட்டினாள். அவளாவது, பேசாமல் இருப்பதாவது! ஒரு நாள் தாங்காது.

மார்ச் 14, வெள்ளி

எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது. பேருந்துப் பணிமனை, கால அட்டவணைப் பிரிவு. மாநாட்டு மண்டபத்தில் மூலை மேசையில் இருந்தார்களாம், நான் கவனிக்கவே இல்லை. நேரில் போய் நின்றேன். பலவீனம் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஏமாற்றம். ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாளாம்.

மே 22, வியாழன்

பணிமனையில் மதிய வேளை எனக்குப் பிடித்திருக்கிறது. ஓடி வந்த பேருந்துகள் நிழலில் வரிசையாக நிற்கும், சூடு இறங்கும்போது டக், டக் என்று சத்தம் வரும். அட்டவணையைப் போட்டுக்கொண்டே ஒவ்வொன்றும் எங்கே போய் வந்திருக்கும் என்று யோசிக்கிறேன். மேற்பார்வையாளர், “பகல் கனவா?” என்றார். திட்டவில்லை.

என் அம்மா பின்னிய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வக்கீல் காலையில் போகிறாள், மாலையில் வருகிறாள். நான்தான் கொடுத்தேன், எனக்கு எதற்கு? மூக்கு நுனி சிவந்திருக்கும். கிடங்கைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை. உலக விஷயம் எல்லாம் பேசுகிறாள். அதை மட்டும் பேசுவதில்லை.

ஜூன் 20, வெள்ளி

மாலையில் வந்தவள் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. என் மேசையில் ஓர் ஆப்பிளை வைத்துவிட்டுத் தன் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆப்பிள்மேல் பனி வியர்த்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. இன்று அறையைத் திறந்திருக்கிறார்கள்.

எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்தேன். பைத்தியக்காரத்தனம்தான். கன்னம் சில்லிட்டது. கடித்தேன். நேற்றுப் பறித்தது போல இருந்தது. மென்றுகொண்டே இருந்தேன், கண்ணில் நீர் வந்துவிட்டது.

“எப்படி இருந்துச்சு?” என்றேன். “கதவு திறந்தப்போ.”

“பேசலாமா?”

“பேசித் தொலைடி.”

இத்தனை நாள் அடக்கி வைத்தவள், மூச்சுகூட விடாமல் ஆரம்பித்தாள். நான் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டேன்.