ஷரெத்துக்குப் புரியாத வார்த்தை

நவம்பர் 9, சனி

மகள் நயிக்காவின் முதுகில் வரிசையாகத் தடிப்பு. பள்ளிக்கூடத்தில் ஏதோ கடித்திருக்கும் என்று இத்தனை நாள் மருந்து தடவிக்கொண்டிருந்தேன். இன்று அவள் மெத்தையைத் தூக்கித் தையலைப் பிரித்துப் பார்த்தால், ஐயோ, கூட்டம் கூட்டமாக. மூட்டைப்பூச்சி.

வீட்டுச் சொந்தக்காரர் ஷரெத்துக்குப் பிரெஞ்சில் செய்தி அனுப்பினேன். படுக்கையறையில் புனேஸ் இருக்கிறது, உடனே ஏதாவது செய்யுங்கள் என்று.

நவம்பர் 10

பதில் வந்துவிட்டது. "சுவரில் புனேஸ் குத்தக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பிடுங்கிவிட்டு ஓட்டையை அடையுங்கள்."

திரும்பத் திரும்பப் படித்தேன். பிரெஞ்சில் மூட்டைப்பூச்சிக்கும் புனேஸ்தான், டிராயிங் பின்னுக்கும் புனேஸ்தான். அதற்காக? மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்த ஆளுக்கு இது புரியாதா? நான் ஹெய்ட்டியிலிருந்து வந்தவள், எனக்கே புரிகிறதே. போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பவும் போட்டேன். எடுக்கவே இல்லை.

நவம்பர் 22

மாடிப்படியில் ஷரெத்தைப் பிடித்துவிட்டேன். பூச்சியை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருந்தேன், மூக்குக்கு நேரே நீட்டினேன். மனுஷன் சிரிக்கிறான். "அது உங்க பெட்டியோட வந்திருக்கும் மதாம். பிடிக்கலேன்னா ஜூலைல ஒப்பந்தம் முடிஞ்சதும் காலி பண்ணுங்க. இந்த வீட்டுக்கு எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா?"

என் பெட்டியோடாம். என் பெட்டி என்ன, பூச்சி வளர்க்கிற கூண்டா? நான் போனால் அடுத்தவனிடம் வாடகையை இழுத்து ஏற்றலாம். அதுதானே சங்கதி? நான் ஏன் போகணும்? என் பிள்ளையின் பள்ளி இந்தப் பகுதியில், என் வேலை பக்கத்தில். போகமாட்டேன். எழுதியே வைக்கிறேன்: போகமாட்டேன்.

டிசம்பர் 8

துணி, பொம்மை, போர்வை எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள். வாரம் தவறாமல் சலவைக்கடைக்கு இழுத்துப்போய், மிஷினில் உள்ள உச்சச் சூட்டில் காயவைக்கிறேன். நயிக்கா குளியல் தொட்டிக்குள் தலையணை போட்டுத் தூங்குகிறாள். வழவழப்பில் பூச்சி ஏறாது என்று அவளே கண்டுபிடித்தாள். ஏழு வயசுப் பிள்ளை கண்டுபிடிக்கவேண்டிய விஷயமா இது?

இனி வாடகை கிடையாது என்று கொதித்துக்கொண்டு வாடகைதாரர் சங்கத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வாடகையை நிறுத்தினால் அதையே காரணம் காட்டி வெளியே தள்ளிவிடுவான், கட்டிக்கொண்டே வழக்குப் போடுங்கள் என்றாள். பூச்சியை ஒழிக்கிற செலவு வீட்டுக்காரனுடையது, மருந்தடிக்க வீட்டை ஒதுக்கித் தருவது மட்டும் என் பொறுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு வாடகை கட்டினேன். வழக்கும் போட்டேன்.

ஜனவரி 1

பூசணிக்காய் சூப் இல்லாமல் எங்களுக்குப் புதுவருஷம் இல்லை. நாடு விடுதலையான நாள். இன்றைக்கு எந்த ஹெய்ட்டிக்காரன் வீட்டுக் கதவும் மூடியிருக்காது.

தங்கை ஃபபியென் காலையிலேயே போன் செய்தாள். இழுத்து இழுத்துப் பேசினாள். "தப்பா எடுத்துக்காதக்கா. கைக்குழந்தை இருக்கு. சூப்பை வாசல்ல வெச்சிடறேன், வந்து எடுத்துக்கோ."

பனிமேல் வைத்திருந்தாள் பாத்திரத்தை. ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். சித்தி வீட்டுக்குள்ள ஏன் போகல என்று நயிக்கா கேட்டாள். பஸ் வந்துடும் என்றேன். வீட்டுக்கு வருவதற்குள் சூப் ஜில்லிட்டுப்போனது.

தங்கைமேல் கோபம் இல்லை. அந்த ஷரெத் இன்றைக்கு எந்த மேஜையில் உட்கார்ந்து என்ன தின்கிறான் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். விளங்காமல் போகட்டும்.

பிப்ரவரி 12

பின்சந்தில் எதிர்வீட்டு ஒடெத் பனி தள்ளிக்கொண்டிருந்தாள். நயிக்காவின் பள்ளி பஸ்ஸை ஓட்டுகிறவள் அவள்தான். பிள்ளை ஏன் தினமும் பஸ்ஸில் தூங்கி வழியுது என்று கேட்டாள். எவ்வளவு நாள் மறைப்பது? கொட்டிவிட்டேன். டிராயிங் பின் பதில் வரைக்கும்.

ஒடெத் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் திட்டினாள் பாருங்கள், அதை இங்கே எழுத முடியாது. கையுறையைக் கழற்றிப் போனில் ஒரு படத்தைத் தேடினாள்.

"போன ஜூலை ஒண்ணாம் தேதி எடுத்தது. மெத்தையக் கொண்டுவந்து என் கேட்ல சாத்திட்டான், அதுக்குச் சண்டை போட எடுத்தேன். யாருன்னு பாரு."

ஷரெத். கையில் சிவப்புப் பெயின்ட் டப்பா. மெத்தையில் ஆள் உயரத்துக்குப் பெரிய எழுத்தில் புனேஸ் என்று எழுதிக்கொண்டிருக்கிறான். பூச்சி பிடித்த மெத்தையைத் தெருவில் போட்டால் அப்படி எழுதவேண்டும், வேறு யாரும் தூக்கிப் போய்விடக்கூடாது. எனக்கு முன்னால் என் வீட்டில் இருந்தவர்களின் மெத்தை அது என்றாள் ஒடெத். ஊரே வீடு மாறுகிற நாள், தெருவுக்கு ஒரு மெத்தை அப்படிக் கிடக்கும். நானும் அன்றுதான் குடிவந்தேன். அந்தச் சிவப்பு எழுத்தைத் தாண்டித்தான் பெட்டிகளைத் தூக்கிப்போனேன். யாருடையது என்று யார் கேட்பார்கள்?

தெரிந்தே சாவியைக் கொடுத்திருக்கிறான். பிள்ளையோடு வந்தவளுக்கு. சிரித்துக்கொண்டே.

மார்ச் 20

விசாரணை. ஷரெத் டை கட்டி வந்திருந்தார். குரலில் தேன். "நான் டிராயிங் பின்னுன்னுதான்மா நினைச்சேன். பூச்சின்னு எனக்கு யாருமே சொல்லல." மாடிப்படியில் ஜாடியை நீட்டினேனே என்றேன். அப்படி நடக்கவே இல்லை என்றார். நடுவர் அம்மா தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். தோற்றால் ஜூலையில் வெளியே தள்ளிவிடுவான். போச்சு, வீடு போச்சு.

அப்புறம் ஒடெத் போனை நீட்டினாள். நடுவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அந்த மெத்தைலயும் டிராயிங் பின்தான் குத்தியிருந்ததா, முஸ்யே ஷரெத்?"

அவர் டையைத் தளர்த்தினார். ஒடெத் சத்தமாகச் சிரித்து நடுவரிடம் திட்டு வாங்கினாள்.

ஏப்ரல் 28

தீர்ப்பு வந்தது. மூன்று மாடிக்கும் மருந்தடிக்கவேண்டும், செலவு அவருடையது. எங்களைக் கிளப்பக் கூடாது.

மே 30

மருந்தடிப்பவர்கள் மூன்றாவது தடவையாக வந்து போனார்கள். ஒன்றுகூட இல்லை என்றார்கள். நான் இன்னும் தினமும் தையலைப் பிரித்துப் பார்க்கிறேன்.

ஜூலை 1

தெரு முழுக்க லாரி. ஊரே மாறுகிறது. நாங்கள் மாறவில்லை.

ஜனவரி சூப்பை இன்றைக்குக் காய்ச்சினேன். இந்த வெயிலில் சூப்பா என்று ஒடெத் சிரித்தாள், இரண்டு கிண்ணம் குடித்தாள். ஃபபியென் குழந்தையோடு வந்தாள். கொஞ்சநேரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு நயிக்காவின் புது மெத்தையில் உட்கார்ந்து, குழந்தையையும் கிடத்தினாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மேல்மாடிக்குப் புது ஆளைக் கூட்டிப்போன ஷரெத், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். நயிக்கா வரைந்த மஞ்சள் பஸ் சுவரில் இருந்தது, மூலைக்கு ஒன்றாக நாலு பின். அவர் பார்வை அங்கேயே நின்றது. வாயைத் திறந்தார்.

நயிக்கா சூப் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆமா, புனேஸ்தான்" என்றாள்.

அவர் படியேறிப் போய்விட்டார்.