பதினேழாவது படத்தில் நிற்பவர்

அனுப்புநர்:
மா. முருகலட்சுமி (வயது 34),
க/பெ. மாரிக்கண்ணன்,
கிழக்குத் தெரு, உடைகுளம்,
நரிக்குடி ஒன்றியம், திருச்சுழி வட்டம்,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இந்தியத் தூதர் அவர்கள்,
இந்தியத் தூதரகம்.
(நாடும் நகரமும் உறையின் மேல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளன.)

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், விருதுநகர்.

பொருள்: என் கணவர் மாரிக்கண்ணன் 17.01.2025 அன்று இறந்துவிட்டதாகத் தங்கள் அலுவலகம் அனுப்பிய தகவலை ஏற்க மறுத்தல் – அங்கேயே அடக்கம் செய்ய ஒப்புதல் தர மறுத்தல் – அவரைத் தேடிக் கண்டுபிடிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் கடிதம், நாள் 21.01.2025.
2. தங்கள் பதில், நாள் 12.02.2025.
3. தங்கள் வலைப்பக்கத்தில் உள்ள குடியரசு நாள் விழாப் படங்களில் பதினேழாவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். திருச்சுழியில் மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் முதலில் எழுதித் தந்தார். அதில் 'தாழ்மையுடன்' என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. என் கணவர் பெயருக்கு முன்னால் 'லேட்' என்றும் இருந்தது. இரண்டையும் எடுக்கச் சொன்னேன். 'லேட்' இல்லாவிட்டால் மனு நிற்காது என்றார். நிற்கிறதா என்று பார்க்கலாம் என்றுதான் இதை அனுப்புகிறேன்.

1. என் கணவர் 2023 ஆகஸ்ட் மாதம் அந்த நாட்டுக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலைக்குப் போனார். முகாமில் அவரோடு சேர்த்துப் பதினோரு இந்தியர்கள். பதினோரு பாஸ்போர்ட்டையும் கம்பெனி மேற்பார்வையாளர் ஒரே பையில் போட்டு வைத்திருப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். 2024 டிசம்பர் மாதம் அவர்களுடைய போன்களையும் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

2. ஜனவரி 21 அன்று மாலையே கிராம நிர்வாக அலுவலர் மின்னஞ்சலில் வந்த தங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். மாரடைப்பு, உடல் மருத்துவமனைப் பிணவறையில் உள்ளது, கம்பெனி கொடுத்த பாஸ்போர்ட்டைக் கொண்டு அடையாளம் காணப்பட்டது, அங்கேயே அடக்கம் செய்ய ஒப்புதல் தரவும் என்று இருந்தது. ஒப்புதல் படிவமும் கூடவே இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

3. நான் நம்பினேன் ஐயா. அதை மறைக்கவில்லை. எட்டு நாள் நம்பி அழுதேன். என் கொழுந்தனார் ஜெயபாண்டி மொட்டை போட்டுக்கொண்டார். ஆனாலும் கையெழுத்து மட்டும் வரவில்லை. முகத்தைப் பார்க்காமல் எப்படிப் போடுவது என்று உடலின் படத்தைக் கேட்டுக் கிராம நிர்வாக அலுவலர் மூலம் எழுதினேன். வலது கணுக்காலில் மண்வெட்டி பட்ட தழும்பு இருக்கிறதா என்றும் கேட்டேன். இன்று வரை இரண்டுக்கும் பதில் இல்லை.

4. ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. பாளையம்பட்டியிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் காலை பஸ்ஸில் கேதத்துக்கு வந்திருந்தார்கள். வீடு நிறைய அழுகை. அரிசி டிரம்மின் மேல் இருந்த என் போனில் 11.08, 11.10, 11.15 மணிக்கு வெளிநாட்டு நம்பரிலிருந்து மூன்று அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒருவருக்கும் கேட்கவில்லை. அவருக்காக நாங்கள் மாரடித்து அழுத சத்தத்தில் அவர் கூப்பிட்டது கேட்காமல் போய்விட்டது. இந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

5. மூன்று நாள் கழித்துத்தான் அந்த அழைப்புகளைப் பார்த்தேன். திருச்சுழியில் இ-சேவை மையம் வைத்திருக்கும் ஹேமலதா அந்த நம்பருக்குப் பேசினார். எடுத்தவர் பெயர் சுந்தரபாண்டி. பரமக்குடிப் பக்கத்துக்காரர், அங்கே டாக்சி ஓட்டுகிறார். தங்கள் கொடியேற்றத்துக்கு வந்திருந்தவர். அவர் சொன்னதை ஹேமலதா பதிவு செய்து வைத்திருக்கிறார். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "ஊரு நரிக்குடிப் பக்கம்னாரு. உள்ள ஒரு மனுக் குடுக்கணும்னு கேட்டாரு, இன்னைக்கு லீவு, நாளைக்கு வாங்கன்னுட்டாக. தண்ணி லாரியில வந்தவரு, அதுலயே திரும்பணும்னாரு. பொஞ்சாதிகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன்னு எம் போன வாங்கி மூணு தடவ அடிச்சாரு. எடுக்கல. சரி, ஆட்டுக்குப் போயிருப்பா அப்படின்னு சொல்லிப் போனக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

6. அதன் பிறகு ஹேமலதா தங்கள் வலைப்பக்கத்தைத் திறந்து விழாப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பதினேழாவது படத்தில் தாங்கள் கொடிக்கு வணக்கம் செலுத்துகிறீர்கள். தங்கள் இடது தோளுக்குப் பின்னால், இரண்டாவது வரிசையில், இனிப்புப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நிற்பவர் என் கணவர். நீலக் கட்டம் போட்ட அந்தச் சட்டை அருப்புக்கோட்டையில் நான் எடுத்துக் கொடுத்தது. மெலிந்திருக்கிறார். ஆனால் நிற்கிறார். 17-ஆம் தேதி இறந்தவர் 26-ஆம் தேதி தங்கள் முற்றத்தில் நின்று இனிப்பு வாங்கியிருக்கிறார் என்றால், அதை விளக்க வேண்டிய பொறுப்பு எனக்கா, தங்களுக்கா?

7. இதை எழுதி அனுப்பியதற்குத்தான் பார்வை 2-இல் கண்ட பதில் வந்தது. முகச்சாயல் ஆதாரம் ஆகாதாம். பாஸ்போர்ட்தான் ஆதாரமாம். பிப்ரவரி 27-க்குள் ஒப்புதல் வராவிட்டால் அந்த நாட்டு விதிப்படி அடக்கம் நடக்குமாம். பாஸ்போர்ட்டில் இருக்கும் படத்தையும் பிணவறையில் இருக்கும் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யார்? அவர் பெயரும் பதவியும் எனக்கு வேண்டும்.

8. தூதரகம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. ஜெயபாண்டிதான் "அது வெளிநாட்டுல இருக்கற நம்ம கலெக்டர் ஆபீசு, மதினி" என்றார். இப்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். தங்கள் வலைப்பக்கத்தில் 'எங்கள் வரலாறு' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஹேமலதா அதைத் தமிழில் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு தானிய வியாபாரியின் மாடியில், இரண்டு அறையில் தங்கள் தூதரகம் தொடங்கியிருக்கிறது. அப்போது கப்பல் முதலாளி கைவிட்ட நாற்பது இந்திய மாலுமிகள் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் தூதர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உன் ஊர் எது, ஊரில் கோயில் எது, தண்ணீர் எங்கே எடுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். சொன்ன பதிலை வைத்தே தன் கையால் பயணச் சான்று எழுதி நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இதைத் தாங்களே பெருமையாகப் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். நியாயமான பெருமைதான். ஆனால் அந்த மாடியிலிருந்து பெரிய கட்டடத்துக்கு மாறிய அன்று மேசை நாற்காலியை மட்டும்தான் கொண்டுபோனீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அன்று காகிதம் இல்லாத ஆளை நம்பினீர்கள். இன்று ஆள் முற்றத்தில் நிற்கும்போது காகிதத்தை நம்புகிறீர்கள்.

9. எனவே அந்த முதல் தூதர் செய்ததையே செய்யும்படி கேட்கிறேன். அந்த முகாமுக்கு ஓர் அதிகாரியை அனுப்பிப் பதினோரு பேரையும் நிற்க வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒருவர் குறைவார். குறைகிறவர் யாரோ அவர்தான் பிணவறையில் இருக்கிறார். இருப்பவர்களில் என் கணவரிடம் மூன்று கேள்வி கேட்கவும். உடைகுளம் கண்மாய்க்கு எத்தனை மடை, அதில் அடைபட்டது எது? அவர் புறப்பட்ட அன்று பஸ்ஸை மறித்து நின்ற கிடா யாருடையது? என்னை அவர் தனியாக இருக்கும்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்? பதில்களை ஒட்டிய உறையில் இணைத்திருக்கிறேன். மூன்றாவது பதிலைத் தாங்கள் மட்டும் படிக்கவும்.

10. இறந்தவரின் விரல்ரேகையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விமானத்தை விட்டு இறங்கிய அன்றே பத்து விரலும் வைக்கச் சொன்னார்கள் என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அந்த ரேகைகள் அந்த நாட்டில்தான் இருக்கின்றன. கேட்க வேண்டியவர் தாங்கள்.

11. ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பி அனுப்புகிறேன். உறவுக்காரர்கள் பதினாறாம் நாள் காரியம் செய்து தாலியை இறக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். முதலில் ஜெயபாண்டியே, "கையெழுத்தப் போட்டு விட்ருங்க மதினி, போனவுக போயிட்டாக, ஊரு ஒரு மாதிரிப் பேசுது" என்றார். பதினேழாவது படத்தைப் பார்த்த பிறகு அவர் அப்படிப் பேசுவதில்லை. அண்ணன் வந்து மொட்டைக்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் இப்போது அவர் கவலை. இந்த மனுவில் அவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

12. நான் கையெழுத்துப் போடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பிணவறையில் யாரோ ஒருவர் என் கணவர் பெயரில் கிடக்கிறார். அவருக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும். போன் வரும் என்று அங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள். நான் கையெழுத்துப் போட்டால் அவள் புருஷனை என் புருஷன் பெயரில் புதைத்துவிடுவீர்கள். சாகும் வரை அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பாவத்துக்கு என் கையெழுத்து கிடைக்காது. அவளையும் கண்டுபிடியுங்கள். அவள் எந்த மாநிலம், என்ன மொழி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

13. பிப்ரவரி 27-க்குள் அடக்கத்தை நிறுத்தியதாக எழுத்தில் பதில் தர வேண்டும். தராவிட்டால், பதினேழாவது படத்தைப் பெரிதாக அச்சடித்து, திருச்சுழி பஸ் நிலையத்தில் தொடங்கி டெல்லி வரை நானே தூக்கிக்கொண்டு போவேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேதி முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

என் கணவரைக் கண்டுபிடிக்கும் அதிகாரியிடம் ஒரு செய்தியைச் சொல்லி அனுப்பவும். அன்று நான் ஆட்டுக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன். இப்போது ஆட்டுக்குப் போனாலும் போன் என் மடியில்தான் இருக்கிறது. இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுங்கள்.

இணைப்பு: கையெழுத்திடப்படாத ஒப்புதல் படிவம் – 1, பதினேழாவது படம், வட்டமிட்டது – 1, சுந்தரபாண்டியின் பேச்சுப் பதிவு – 1, ஒட்டிய உறை – 1.

இடம்: உடைகுளம்
நாள்: 17.02.2025

இப்படிக்கு,
மா. முருகலட்சுமி,
மாரிக்கண்ணனின் மனைவி.

சாட்சி:
ஜெயபாண்டி,
மாரிக்கண்ணனின் தம்பி.