முந்நூற்றுப் பத்தாவது அடியில் ஒரு நோவு

1998 மார்ச் 2, திங்கள்

பொரளையில் டொக்டரிடம் போனேன். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒடுங்கிவிட்டதாம். "சிவானந்தன், சிகரெட்டை விடாட்டில் முதலிலை பெருவிரல் போகும், பிறகு பாதம், பிறகு முழங்கால்" என்றார். புதுக்கடையில் எங்கள் நொத்தாரிசு கந்தோரில் பெரிய காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுவது போல, அவ்வளவு அமைதியாகச் சொன்னார். முப்பது வருடமாகக் காணி உறுதிப் பத்திரம் எழுதுகிறவன் நான். என் காலையே ஒருவர் பிரித்து எழுதுவார் என்று நினைக்கவில்லை.

மருந்து இரண்டு. சிகரெட்டை அடியோடு விட வேண்டும். தினமும் காலையில் நடக்க வேண்டும்; எத்தனையாவது அடியில் கெண்டைக்கால் நோகிறது என்று எழுதி வைக்க வேண்டும். எண் கூடினால் கால் தப்பும். குறைந்தால் கத்தி.

வெளியே வந்து, அந்த அதிர்ச்சியைத் தாங்க ஒன்று பற்றவைத்தேன். அதுதான் கடைசி.

மார்ச் 3

310.

மார்ச் 5

நாகேஸ்வரி நல்ல மனைவி. இருபத்துநான்கு வருடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனுசி முறுக்கை இவ்வளவு சத்தமாகவா கடிப்பது?

மார்ச் 7, சனி

318. வெறும் எண்ணைக் கண்டால் டொக்டருக்கு எந்தப் பாதை என்று விளங்காது. காணி உறுதியில் எழுதுவது போல முறையாக எழுதுவோம். கிழக்கெல்லை: காலி வீதிச் சென்றி, அதாவது ஆமிக் காவலரண், வீட்டு வாசலிலிருந்து 96 அடி. தெற்கெல்லை: ஆமிக்காரரின் மணல் மூட்டை, 140 அடி. மேற்கெல்லை: ரெயில் பாதையும் கடலும். வடக்கெல்லை: வாய்க்கால் பாலம், அங்கே எப்போதும் இரண்டு பேர் காவல்.

வாசித்துப் பார்த்தேன். ஒரு பிழை பிடிக்க முடியாது.

மார்ச் 9

கந்தோர் கக்கூசுக்குள் பாதிச் சிகரெட். பாதிதான். யார் தந்தது என்று எழுத மாட்டேன். நாகேஸ்வரிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வெட்கமாக இருக்கிறது. நன்றாகவும் இருந்தது.

மார்ச் 10

290. கால் காட்டிக்கொடுக்கிறது.

மார்ச் 14, சனி

இந்தக் கொப்பி இரண்டு நாள் பொலிசில் இருந்தது. நானும்தான்.

வியாழன் விடிய நடந்து திரும்பி வரும்போது, கால் நொந்த இடத்தில் நின்று எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். நின்றது சென்றிக்கு நேரெதிரே. ஆமிக்காரப் பொடியன் வந்தான். "கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்கிறான். "கொஹேவத் நே" என்றேன். எங்கேயும் இல்லை என்று. விடிய ஐந்தரைக்குக் கையில் கொப்பியோடு ஒரு தமிழன் சொல்லக்கூடிய பதிலா அது? கொப்பியைப் பறித்து விரித்தான். தமிழ் தெரியாவிட்டாலும் எண் தெரியுமே.

பொலிஸ் ஸ்ரேசன் வாங்குப் பலகையில் இருக்கும்போதுதான் விளங்கியது, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று. நாலு எல்லையும் அடிக்கணக்கும் என் கைப்பட, பிழையில்லாமல்! பயந்துபோனேன். இப்படிக் கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை. இது பயமில்லை, சிகரெட் இல்லாத குறை என்று என்னையே ஏமாற்றப் பார்த்தேன், முடியவில்லை.

மறுநாள் நாகேஸ்வரி வந்தாள். இங்கே குடியிருக்கப் பொலிசில் பதிந்த துண்டு, கலியாண எழுத்து, டொக்டரின் துண்டு, வீட்டிலிருந்த கடதாசி எல்லாம் அவள் கையில். தமிழ் வாசிக்கத் தெரிந்த கொன்ஸ்டபிள் புவாத் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்து, இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் விளக்கினார். முறுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் சிரித்தார். நாகேஸ்வரி சிரிக்கவில்லை. உறுதி மாதிரி எழுதிய எல்லைகள் வந்தன. யாரும் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் புவாத் நின்றுவிட்டார். "அங்கிள், இதையும் செல்லணுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"அதைக் கட்டாயம் சொல்லுங்கோ தம்பி" என்றாள் நாகேஸ்வரி.

வாசித்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், பிறகு நாகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார், பிறகு ஏதோ சொன்னார். புவாத் சொன்னது: "கக்கூஸுக்குள்ள ஒளிச்சதையும் எழுதி வைக்கிற ஆள் குண்டு வைக்க மாட்டாராம். பொண்டாட்டிக்கிட்டயே ஒப்படைக்கச் செல்றார்."

ஓட்டோவில் அவள் கடதாசிகளை ஒவ்வொன்றாக எண்ணி மடித்துப் பைக்குள் வைத்தாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் தொடங்கினாள்.

"அவங்களுக்கு முன்னாலை அழாமல் நிண்டனான். தெரியுமோ? ஆயிரம் விதமாச் சாகக்கூடிய ஊர் இது. நீங்கள் காசு குடுத்து இன்னொண்டு வாங்கிறியள். அதையும் நான் பொலிஸ்காரன் வாசிச்சுத்தான் அறிய வேணுமோ?"

விடுகிறேன் என்று சொன்னேன். இந்த முறை டொக்டருக்காகச் சொல்லவில்லை.

மார்ச் 16

கொப்பியில் இனி அடிக்கணக்கும் எல்லையும் இருக்கக் கூடாது. நாகேஸ்வரியின் சட்டம். ஆகவே வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரை எண்ணுகிறேன், பத்து அடிக்கு ஓர் ஆள். கனடாவில் தம்பி குடும்பத்தில் தொடக்கம். பிறகு லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிஸ், கடைசியாக அவுஸ்திரேலியா. நம்மிடம் ஆளுக்கா குறைச்சல்?

இன்று பிரான்சில், சின்ன மச்சாள் வீட்டு வாசலில் நொந்தது.

மார்ச் 24

ஜேர்மனி. புகைக்கவில்லை. கனவில் புகைத்தேன்; அதையும் நாகேஸ்வரியிடம் சொல்லிவிட்டேன். கனவில் எத்தனை என்று கேட்கிறாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

டொக்டர் எண்ணைக் கேட்டார். "நோர்வே" என்றேன். விளக்கம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவருடைய மகனும் அங்கேதானாம். துண்டில் 'நோர்வே, நல்ல முன்னேற்றம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

ஏப்ரல் 8

என்னைப் பிடித்துக் கொடுத்த அந்தப் பொடியன் இன்று சென்றியில் நின்றான். என்னைக் கண்டதும் தலையைச் சொறிந்துகொண்டு சிகரெட் பெட்டியை நீட்டினான். "மாத்தயா, கன்ன." ஐயா, எடுங்கள் என்கிறான். மணம் மூக்குக்குள் ஏறியது. பெட்டியை அல்ல, அவனுடைய கையையே விழுங்கியிருப்பேன். "எபா மல்லி", வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டுக் காலைக் காட்டினேன். எதை விளங்கிக்கொண்டானோ, தன் சிகரெட்டையும் பெட்டிக்குள் திரும்ப வைத்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவனைத் திட்டினேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

விடிய ஐந்து மணிக்குச் சுற்றிவளைப்பு. தொடர்மாடியில் இருக்கிற ஆண்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு இறங்கி, வரிசையாக மைதானத்துக்கு நடக்க வேண்டும். நாகேஸ்வரி சேர்ட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். இடையில் நிற்கவும் விடமாட்டார்கள், கால் நொந்தால் என்ன செய்வேன் என்று இருவருக்கும் ஒரே யோசனை.

நடக்கத் தொடங்கியதும் வழக்கம்போல எண்ணினேன். கனடா முடிந்தது. லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி முடிந்தது. நோர்வேயில் பல்லைக் கடித்துக்கொண்டேன், ஒன்றுமில்லை. சுவிஸ். அவுஸ்திரேலியாவில் பெறாமகளின் கைக்குழந்தையையும் எண்ணியாயிற்று. இனி இங்கே இருப்பவர்கள். நாகேஸ்வரி. நான். அதற்குப் பிறகு எண்ண ஒருவரும் இல்லை. மைதானம் இன்னும் தூரத்தில் இருந்தது. சும்மா நடந்தேன்.

பத்து மணிக்கு விட்டார்கள். நாகேஸ்வரி படிக்கட்டில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு இருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"எவ்விடத்திலை நிண்டனீங்கள்?"

"ஒரு இடமும் நிக்கேல்லை."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள். என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் இருந்து அவளுடைய தேத்தண்ணியையும் குடித்துவிட்டேன்.