நல்ல வார்த்தை மட்டும் பேசும் வீடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, பழக்க தோஷம், நிறுத்திவிட்டேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதையும் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். கீழ் வீட்டு டெய்லரம்மா தன் போனைத் தந்தாள், ஆனால் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், விஷயம் வெளியே வராது. அதனால் சட்டைக்குப் பட்டன் தைக்க வந்தவள் போல அவள் வெட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

அப்பா தியான வகுப்பில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் நல்ல வார்த்தை மட்டும்தான் பேச வேண்டும் என்று சட்டம். சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடாது, கேஸ் வரப்போகிறது என்று சொல்ல வேண்டும். எனக்குத் தலைவலி என்றால், "தல நல்லாயிட்டு வருதுன்னு சொல்லு" என்கிறார். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. வகுப்பை நான் குறை சொல்ல மாட்டேன், லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து நின்ற பிறகு பேச்சுமூச்சில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரை எழுப்பி, தலை வாரவும் காலையில் பாடவும் வைத்தது அதுதான். ஆனால் அவர் வலது காலில் புண், சர்க்கரை உள்ள உடம்பு. செருப்பு கடித்ததில் ஆரம்பித்தது, இப்போது கட்டைவிரல் கறுத்துக்கொண்டு வருகிறது, வாடையும் அடிக்கிறது. வீடியோவில் ஏன் போனை எப்போதும் முகத்துக்கு நேராகவே தூக்கிப் பிடிக்கிறார் என்று இப்போது புரிகிறதா? டாக்டரிடம் போகலாம் என்றால், "நீ சந்தேகப்படறதாலதான் ஆற மாட்டேங்குது" என்று பழியை என் தலையில் போட்டுவிட்டார். சொன்னால் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாரோ என்று பயம், சொல்லாவிட்டால் கால் போய்விடுமோ என்று பயம், இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு நடமாடுகிறேன். காலையில் நானும் பக்கத்தில் கண்ணை மூடி உட்காருகிறேன், வெளிச்சத்தை நினை என்கிறார், எனக்கு அந்த விரல்தான் தெரிகிறது. கடவுளிடம் தைரியம் கேட்டேன். இந்தக் காகிதம் எழுதுகிற அளவுக்குக் கொடுத்திருக்கிறார்.

வேலையில் இருந்தபோது, லிஃப்டில் மாட்டிக்கொண்டு சத்தமே போடாமல் நின்றவர்களை எப்படித் திட்டுவார், ஞாபகம் இருக்கிறதா? "வெக்கப்பட்டுக்கிட்டு உள்ளயே நின்னா வெளிய இருக்கறவனுக்கு எப்படித் தெரியும், பெல்ல அழுத்த வேணாமா" என்று வீட்டுக்கு வந்தும் புலம்புவாரே. அதை அவருக்கே எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீ சொல். இன்றைக்கே கூப்பிடு. "சூப்பரா இருக்கேம்மா" என்பார், சரிப்பா என்று வைத்துவிடாதே, காலைக் காட்டச் சொல். என்னிடம் எரிந்து விழுவார், உன் பேச்சைத் தட்ட மாட்டார். கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல், பை தயாராகக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். போனில் நான் பக்கத்தில் நின்று நல்லா இருக்கோம் என்றுதான் சொல்வேன், நம்பாதே.

பெல்லை அழுத்திவிட்டுக் காத்திருக்கும்,
உன் அம்மா