பிரிக்காத பதினோரு கடிதங்கள்

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

கம்பெனியில் தையல் மிஷின் ஊசி விரலில் லேசாக ஏறியதால் நேற்று லீவு. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்த அத்தை எழுதி, தாத்தா பிரிக்காமலே கட்டிப்போட்ட பதினோரு கடிதங்களையும் பிரித்துப் படித்தேன். ஆமாம், "மானம் போகும், எரிச்சிடு" என்று நீங்கள் கொடுத்த கட்டைப் பெட்டியில் வைத்து ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எரிக்க மாட்டேன். அண்ணனுக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்கும் நகல் அனுப்பியாயிற்று. திட்டுவதானால் எழுதித் திட்டுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்து மாதக்கணக்காகிறது.

எல்லாக் கடிதத்திலும் அத்தை கேட்டது ஒன்றுதான்: "தம்பிக்குச் சட்டை தைக்கணும், அளவு அனுப்புங்க." அந்தத் தம்பி நீங்கள்தான்.

துணி வாங்கிவிட்டேன். தோள், கழுத்து, கை நீளம் எழுதுங்கள். ஷிப்ட் மணி அடிக்கிறது. அத்தை பதினொன்றோடு நிறுத்திவிட்டார். நான் நிறுத்தமாட்டேன்.

உங்கள் மகள்